மூணு தார்ப் பொங்கல்

இப்போது அடுப்பே மணி பார்க்கிறது. பொங்கல் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் தானாகச் சூடேறி, தானாகத் தணிந்து, வேலை முடிந்ததும் கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்து அணைந்துவிடுகிறது. நான் வேலை பார்த்த ஏஜென்சியில் இன்று அதை விற்கிற பிள்ளைகள் போன மாதம் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். “அப்பல்லாம் வீடு வீடாப் போயி சமைச்சுக் காட்டித்தான் குக்கர் வித்தீங்களாமே, அத எழுதிக் குடுங்கய்யா” என்றார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். படித்துக்கொள்ளுங்கள்.

நான் பேரையூர்ப் பக்கம் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனார்கள். மழை இல்லாத வருஷம் கூலியும் இல்லை. அந்த மாதிரி ஒரு வருஷத்தில்தான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். வாடிப்பட்டியில் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் மாவாட்டினேன். லாரிகளோடு போய் வழியில் கல் கூட்டிச் சமைத்துப் போட்டேன். கல்யாணச் சமையல் கோஷ்டி ஒன்றோடு இரண்டு சீசன் திரிந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் தாண்டவில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்குக் கால் நிற்காது, அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு குக்கர் ஏஜென்சிக்கு, சமைக்கவும் பேசவும் தெரிந்த, வெயிலில் சைக்கிள் மிதிக்க அஞ்சாத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் பயிற்சி. மூடியைத் திறப்பது, மூடுவது, ரப்பர் வளையத்தைக் கழுவுவது, சேஃப்டி வால்வு என்கிற சின்னத் திருகைப் பற்றிச் சொல்வது. உள்ளே சூடு எல்லை மீறினால் அந்தத் திருகின் நடுவில் இருக்கிற உலோகம் உருகி வழிவிடும், பாத்திரம் வெடிக்காது. பயிற்சியில் நினைவிருப்பது இவ்வளவுதான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் வேணுகோபால் சார். ஒல்லியான மனிதர். யாரையும் ‘நீ’ என்று சொல்லமாட்டார். கடையில் கூட்டிப் பெருக்குகிற அம்மாளையும் ‘வாங்க, போங்க’தான். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். என்ன சொல்கிறார் என்று கேட்க நாம் குனிய வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை ஏஜென்சியின் பின்கட்டில் எங்களைச் சமைக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மட்டும் சாப்பிடுவார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். இல்லாவிட்டால், “இதை ஒரு மூணு வயசுப் பிள்ளை சாப்பிடுமா?” என்று கேட்பார். அது போதும்.

அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடமும் அந்த மூணு வயசுப் பிள்ளைதான். “கல்யாணம் ஆகி நாலஞ்சு வருஷம் ஆன வீடாப் பாத்துப் போங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு. அங்கதான் காலையில அழுகைச் சத்தம் கேக்கும். சாம்பார், ரசம் எல்லாம் காட்ட வேணாம். அதெல்லாம் அவங்களுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும். காலைக்கு ஒண்ணு, இனிப்பு ஒண்ணு, பள்ளிக்கூடம் விட்டு வந்தாத் திங்க ஒண்ணு. மூணே மூணு.”

என் மூன்று இவை. காலைக்கு வெண்பொங்கல்: அரிசியும் பாசிப்பருப்பும் கழுவிப் போட்டு, மிளகு, சீரகம், ஒரு துண்டு இஞ்சி, உப்பு, தண்ணீர் தாராளமாக. இறக்கியபின் நெய் இருந்தால் நெய், இல்லாவிட்டால் நல்லெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்தால் போதும். இனிப்புக்கு ஜவ்வரிசிப் பாயசம்: அதைக் குக்கரில் நேராகப் போடாமல் உள்ளே ஒரு பாத்திரத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரைத்து ஆவித் துவாரத்தை அடைத்துவிடும். வெந்தபின் கரைத்து வடிகட்டிய வெல்லமும் தேங்காய்ப்பாலும். திங்க அவித்த நிலக்கடலை. அல்லது முதல்நாள் ஊறவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல்.

கூட்டம் சேராத தெருவில் மட்டும் நாலாவதாக ஒன்று செய்வேன், கேக். வைகை மணலைக் கழுவிக் காயவைத்து ஒரு பையில் கொண்டு போவேன். குக்கரில் தண்ணீருக்குப் பதில் மணலைப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் விசில் குண்டையும் எடுத்துவிட்டு, மாவுப் பாத்திரத்தை மணல்மேல் வைத்து மூடிவிட்டால் முக்கால் மணியில் கேக். “மண்ணுக்குள்ள கேக்கு வைக்கிறாருடி!” என்று ஒரு பிள்ளை கத்தினால் தெருவே வந்துவிடும்.

எனக்கும் வேணுகோபால் சாருக்கும் ஒத்துவராத விஷயம் ஒன்றுண்டு. குக்கரோடு வருகிற புத்தகத்தில், முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இத்தனை நிமிஷம் என்று போட்டிருக்கும். நான் போகிற வீடுகளில் பாதிக்குமேல் கடிகாரம் கிடையாது. அதனால் நான் என் வழியில், “மூணு விசில் வந்தா இறக்கிருங்க” என்று சொல்லிக்கொடுத்தேன். பெண்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

“சோலை, விசில எண்ணச் சொல்லாதீங்க. நிமிஷத்தச் சொல்லுங்க” என்பார் சார்.

“சரி சார்” என்பேன். மறுநாளும் விசில்தான்.

இப்படியே செல்லூருக்கும் போனேன். அங்கே ஒரு விசைத்தறிக் கூடம். கூடத்தை ஒட்டி ஒரே வரிசையாக ஒற்றை அறை வீடுகள். கூடமும் வீடுகளும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். தறி ஓட்டுகிறவர்கள்தான் குடியிருப்பார்கள். புதன்கிழமை அந்தப் பக்கம் மின்சாரம் நிற்கும், தறியும் நிற்கும். பெண்கள் ஓய்வாக இருப்பது அன்றுதான் என்பதால் நான் புதன்கிழமைதான் போவேன். இரண்டு புதனில் அந்த வரிசையில் ஏழு வீட்டில் குக்கர் வாங்கினார்கள்.

முதலில் வாங்கியது முத்துலட்சுமி. அவர் வீட்டுக்காரர் கதிரேசன் நாலு தறி பார்த்தார். முத்துலட்சுமி தார் சுற்றுவார். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய ஒரு சின்னக் குச்சி இருக்கும், அதுதான் தார். அது தீரத்தீர மாற்ற வேண்டும். ஆகவே நாலு தறிக்கும் ஒருவர் கைராட்டையில் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் தறி நிற்காது. காலை ஆறு மணிக்குத் தறி ஓடத் தொடங்கினால் அவரும் கூடத்து வாசலில் ராட்டை முன் உட்கார்ந்தாக வேண்டும். மகள் லதா ஒன்றாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. விறகடுப்பை ஊதிக்கொண்டு பக்கத்தில் இருக்க முடியாது என்பதால் பிள்ளைகளுக்குக் காலையில் கடை பன்னும் வரக்காப்பியும்தான். பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்கும்போது லதா இரண்டு தடவை மயங்கி விழுந்து, டீச்சர் ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்.

“பக்கத்துல நின்னு கிண்ட வேணாம்ல? வச்சுட்டு நான் தார் சுத்தப் போகலாம்ல?” என்று மூன்று தடவை கேட்டுத்தான் வாங்கினார்.

“தாராளமாப் போங்கக்கா. அதுவே கூப்பிடும். மூணு விசில்” என்றேன்.

ஒரு வாரத்தில் அந்த வரிசையில் ஒரு வீட்டில் சேஃப்டி வால்வு உருகியது. இரண்டு நாள் கழித்து அடுத்த வீட்டில். மூன்றாவது முத்துலட்சுமி வீட்டில். தண்ணீர் வற்றி, திருகு உருகி, மிச்ச ஆவி புஸ்ஸென்று ஓட்டில் அடித்திருக்கிறது. பொங்கல் கரிக்கட்டி. கருகல் புகை கூடத்துக்குள் போய், ஆட்கள் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள். பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் புகையைப் பார்த்தால் யாருக்கும் உயிர் போகும். முதலாளி வந்து பார்த்துவிட்டு முத்துலட்சுமியிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவ இது மாதிரி ஆச்சுன்னா குக்கரும் வெளிய, குடித்தனமும் வெளிய. ஏழு வீட்டுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

அடுத்த புதன் நான் போய் இறங்கியதும் ஏழு வீட்டுப் பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

“அது விசிலே அடிக்கல அண்ணே” என்றார் முத்துலட்சுமி. “காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு விசில்கூட வரல.”

மற்ற இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். நான் புதுத் திருகுகள் கொண்டு போயிருந்தேன். மாட்டி, துவாரத்தை ஊதிப் பார்த்து, ரப்பரைக் கழுவி, அரிசி போட்டு ஏற்றினேன். அதுபாட்டுக்கு விசில் வந்தது. மூன்று குக்கரும் தெருமுனை வரை கேட்கிற மாதிரி அடித்தன.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நீங்க வந்தா மட்டும் அடிக்குதுண்ணே. ஆம்பளையப் பாத்து விசிலடிக்கிறத வீட்டுல வச்சிருந்தா நாளைக்கு எங்களுக்குத்தான் பேரு கெடும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முத்துலட்சுமி சிரிக்கவில்லை.

கதிரேசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கோவிச்சுக்காதண்ணே. இதத் திருப்பி எடுத்துக்க. இந்த வீட்ட விட்டா எனக்கு வேற போக்கு இல்ல.”

“பிள்ளைங்க பழையபடி பன்னுக்குப் போகட்டுமா?” என்றார் பின்னாலேயே வந்த முத்துலட்சுமி. நான் ஒரே ஒரு நாள் தவணை கேட்டேன். மறுநாள் நானே வந்து கூட உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை அந்தத் தெருவுக்குள் நான் அதற்குமுன் போனதே இல்லை. தெரு திரும்பும்போதே சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தன. முத்துலட்சுமி குக்கருக்கென்று வாங்கிய மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ்வைப் பற்றவைத்து, குக்கரை ஏற்றிவிட்டு, ராட்டைக்குப் போனார். நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவன், கை கழுவக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வரும்போது வாசலில் இருந்து பார்த்தால், குக்கர் குண்டு ஆவியில் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. சத்தம் இல்லை. ஊமைப்படம் பார்ப்பது போல் இருந்தது. கிட்டே போய்க் குனிந்த பிறகுதான் லேசாகக் கேட்டது. நான் திரும்பி, “யக்கா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் நிமிரக்கூட இல்லை. அவருக்கு எதிரே கதிரேசன் இரண்டு விரலைக் காட்டி என்னவோ கேட்டார். இவர் உதட்டை மட்டும் அசைத்துப் பதில் சொன்னார். அந்த ஆட்கள் தறி ஓடும்போது கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். புதன்கிழமை மட்டும் வந்துபோன எனக்கு அது தெரியவே இல்லை.

அவரை வெளியே கூப்பிட்டு, விசில் அடிக்கத்தான் செய்கிறது, தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சொன்னேன். “இந்தச் சத்தத்துக்குள்ளயே கெடக்கோம்ணே. எங்களுக்கு இது சத்தமாவே தெரியறதில்ல” என்றார்.

அன்றைக்கு நேராக வேணுகோபால் சாரிடம் போனேன். என்ன சொல்வார் என்று தெரிந்தேதான் போனேன். வால்வு உருகினால் அறிக்கையில் ‘வாடிக்கையாளர் கவனக்குறைவு’ என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

“அவங்க மேல தப்பு இல்ல சார். நீங்க சொன்னதக் கேக்காம நான்தான் விசில எண்ணச் சொன்னேன்” என்றேன்.

அவர் அறிக்கைத் தாளை நகர்த்தி வைத்தார். நான் குனிந்து நின்றேன்.

“அந்த வீடுகள்ல கடிகாரம் இருக்கா சோலை?”

“இல்ல சார்.”

“அப்ப நான் சொன்னபடி நிமிஷம் சொல்லியிருந்தாலும் உருகித்தான் இருக்கும்” என்றார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “இது உங்ககிட்ட ஒரு வாரம் இருக்கட்டும். ஏதாவது வழி பண்ணிட்டு வாங்க.”

மறுபடி குக்கர் ஏற்றியது தெரிந்து சத்தம் போட்ட முதலாளியிடம், அடுத்த புதன் வரை கதிரேசன் கெஞ்சி நாள் வாங்கினார். புதன்கிழமை நான் கடிகாரத்தை முத்துலட்சுமியிடம் கொடுத்து, பெரிய முள், சின்ன முள் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கண்ணு நூலுல இருக்கும், கை ரெண்டும் ராட்டையில இருக்கும். இத எங்கண்ணே பாக்குறது? எனக்கு மணி தெரியாது. தார் தெரியும்.”

“தாரா?”

“ஒரு தார் சுத்துற நேரம் எனக்கு மாறாது. காச்சல் அடிச்சாலும் மாறாது. அது எத்தன நிமிசமுன்னு நீங்க பாத்துக்கங்க.”

அவர் சுற்றினார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு தாருக்கு மூன்று நிமிஷம். பத்துத் தார் சுற்றினார். பத்தும் மூன்று நிமிஷம். ஒன்றில்கூடப் பெரிதாக வித்தியாசம் இல்லை. அந்தக் கடிகாரத்துக்கு அதற்குப் பிறகு வேலை இல்லாமல் போனது. கைராட்டைக்கு மின்சாரம் வேண்டாம் என்பதால் அன்று முழுக்கச் சத்தமில்லாத தெருவில் ஒவ்வொன்றாகச் சமைத்து அளந்தோம். ஸ்டவ்வைப் பற்றவைத்து நாலு தார் சுற்றினால் ஆவி வந்திருக்கும். எழுந்து போய்த் திரியை இறக்கிவிட்டு, மறுபடி வந்து உட்கார வேண்டும். அதற்கப்புறம் பொங்கலுக்கு மூணு தார். பாயசத்துக்கு இரண்டு. கடலைக்கும் சுண்டலுக்கும் அஞ்சு. அணைத்தபின் மூடியைத் திறக்க இன்னும் மூணு. பேச்சியம்மாள் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தார். அன்று அந்த வரிசையில் எந்தப் பிள்ளைக்கும் மத்தியானச் சோற்றுக்கு வயிற்றில் இடமில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். நான் அவரிடம் தப்பு என் பேரில்தான் என்று சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்தார். “நாளைக்குத் தறி ஓடும்போது என் கண்ணு முன்னாடி வைக்கட்டும். சரியா வந்தா இருக்கட்டும். இல்லேன்னா ஏழு குக்கரையும் நீயே சைக்கிள்ல கட்டி எடுத்துட்டுப் போயிரு. இந்த வீட்ட நான் வேற ஆளுக்கு விட்டுக்கிறேன்” என்றார்.

வியாழக்கிழமை காலை தறிகள் ஓடின. முதலாளி வீட்டு வாசலில், குக்கர் தெரிகிற இடத்தில் நின்றார். கதிரேசன் தறியைப் பார்ப்பதும் மனைவியைப் பார்ப்பதுமாக இருந்தார். முத்துலட்சுமி என்னை ஸ்டவ்விடமிருந்து தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டினார். அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் அவரே அளந்து போட்டு, பற்றவைத்துவிட்டு ராட்டையில் உட்கார்ந்தார். நாலு தார். எழுந்து வந்தார். குண்டு ஆடிக்கொண்டிருந்தது. திரியை இறக்கிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தார்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது பாதியில் நூல் அறுந்தது.

நுனியைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடி சுற்ற நேரமாகும். அந்த நேரம் கணக்கில் இல்லையே, மூணு தார் முடியட்டும் என்று இருந்தால் அடி பிடித்துவிடுமே என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். முதலாளியும் ராட்டையைக் கவனித்துவிட்டார். முத்துலட்சுமி அவசரப்படவில்லை. நுனியை எடுத்தார், முடிச்சுப் போட்டார், கொஞ்சம் சுற்றினார். தார் நிறையவில்லை. முக்கால்வாசியில் அப்படியே நிறுத்திக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து ஸ்டவ்வை அணைத்தார். ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரம் என்பதும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. திரும்பிப் போய், அரைகுறைத் தாரைத் தனியாக ஒதுக்கிவிட்டு, புதிதாக மூணு தார் சுற்றினார். நாங்கள் மூன்று ஆண்களும் நின்றுகொண்டே இருந்தோம்.

மூடியைத் திறந்தார். பொங்கல் குழைந்து, மிளகு மேலே மிதந்து, மணம் வந்தது. அடியில் ஒரு பருக்கைகூடப் பிடிக்கவில்லை. முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். குக்கரைப் பார்த்தார், ராட்டையைப் பார்த்தார். பிறகு தானே ஒரு தட்டை எடுத்து முத்துலட்சுமி முன் நீட்டினார்.

முத்துலட்சுமி முதலில் லதாவுக்கு வைத்தார். பிறகு மகனுக்கு. முதலாளிக்குக் கேட்க வேண்டும் என்று அவர் காதருகே சத்தமாகச் சொன்னார். “இவ பள்ளிக்கூடம் போகணும். நீங்க செத்த நேரம் நில்லுங்க.”

உதட்டசைவைப் பார்த்துவிட்ட கதிரேசன், வேண்டாம் என்று கை காட்டினார். லதா ஊதி ஊதிச் சாப்பிட்டு, இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டாள். அவள் தட்டை வழித்து முடிக்கிற வரை முதலாளி வெறும் தட்டோடு சுவரோரம் நின்றார்.